சத்தத்தைக் குறைச்சுட்டு செஸ் பார்ப்போம்

வளைகுடாவில் நம்ம ஆட்கள் வீட்டுக்கு வார விடுமுறையில் போனால், டிவியில் என்ன ஓடும் என்று முன்பெல்லாம் சுலபமாகச் சொல்லிவிடலாம். கிரிக்கெட், இல்லையென்றால் சினிமா. இப்போது மூன்றாவதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. இரண்டு பேர் நாலு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருப்பதை எட்டு வயசுப் பிள்ளைகள் பார்க்கிறார்கள். குகேஷ், பிரக்ஞானந்தா, வைஷாலி என்று நம்ம வீட்டுப் பெயர்களாகவே திரையில் வருவதும் ஒரு காரணம். ஆனால் பெயர் மட்டும் போதாது. ஆனந்தும் நம்ம ஊர்க்காரர்தான். அவர் உச்சத்தில் இருந்த காலத்தில் ரியாத்தில் வளர்ந்த என்னைப் போன்றவர்கள் அவர் ஆடியதை எத்தனை முறை பார்த்திருப்போம்?

அப்பா பத்தாவில் ஒரு கடிகாரக் கடையில் வேலை பார்த்தார். 1995 செப்டம்பரில் நியூயார்க் உலக வர்த்தக மையத்தின் 107-வது மாடியில் ஆனந்தும் காஸ்பரோவும் உலகப் பட்டத்துக்கு ஆடியபோது எனக்கு ஒன்பது வயது. எங்களுக்கு ஒளிபரப்பு என்றால் மறுநாள் இங்கிலீஷ் பேப்பர்தான். பொடி எழுத்தில் நகர்த்தல்கள் அச்சாகியிருக்கும். நான் எழுத்தையும் எண்ணையும் வாசிப்பேன், அப்பா பலகையில் காயை நகர்த்திக்கொண்டே, "குதிரை வருது... இப்ப மந்திரிக்கு வழி விடுதாரு" என்று சொல்லுவார். முதல் எட்டு ஆட்டமும் டிரா. ஒன்பதாவதில் ஆனந்த் ஜெயித்தார். அடுத்ததிலேயே காஸ்பரோவ் திருப்பி அடித்தார், கடைசியில் பட்டமும் அவருக்கே போனது. ஜெயித்ததும் தோற்றதும் எங்களுக்கு ஒரு நாள் தள்ளித்தான் தெரியும். அதில் எங்களுக்கு ஒரு குறையும் இருக்கவில்லை.

செஸ்ஸை டிவியில் காட்ட முடியுமா என்ற கேள்வி பழசு. 1972-இல் ரெய்க்யாவிக்கில் ஃபிஷரும் ஸ்பாஸ்கியும் ஆடியபோது, கேமரா சத்தம் தொந்தரவாக இருக்கிறது என்று ஃபிஷர் சண்டை போட்டார். ஆனாலும் அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் அது பெரிய நிகழ்ச்சியாகிவிட்டது. அங்கே திரையில் தெரிந்தது ஷெல்பி லைமன் என்ற ஒரு ஆசிரியர், ஒரு பெரிய மாதிரிப் பலகை, அவ்வளவுதான். தந்தியில் நகர்த்தல் வரும்வரை அடுத்து என்ன நடக்கலாம் என்று பேசிக்கொண்டே இருப்பார். ஆட்டக்காரர் முகத்தையே காட்டாமல் ஜனங்களை உட்கார வைத்தது அந்தப் பேச்சு.

நாற்பது வருடம் கழித்து 2013 நவம்பரில் சென்னையில் ஆனந்தும் கார்ல்சனும் ஆடினார்கள். நார்வேயின் அரசுத் தொலைக்காட்சியான என்.ஆர்.கே. அதை மணிக்கணக்கில் நேரலையாக, நார்வேஜிய மொழியில் காட்டியது. மொத்த ஜனத்தொகையே சுமார் ஐம்பது லட்சம். அங்கே காய் நகர்த்தத் தெரியாதவர்கள்கூட உட்கார்ந்து பார்த்தார்கள். கார்ல்சன் ஜெயித்துக்கொண்டிருந்தார் என்பது உண்மைதான். ஆனால் அவர்கள் மொழியில், அவர்களுக்குப் புரிகிற அளவில் ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார் என்பதும் உண்மை.

அடுத்த திருப்பம் ஒரு நீதிமன்றத்தில் வந்தது. 2016-இல் நியூயார்க்கில் நடந்த உலகப் போட்டியின் நகர்த்தல்களை வேறு இணையதளங்கள் உடனுக்குடன் போடக்கூடாது என்று அமைப்பாளர்கள் வழக்குப் போட்டார்கள். நீதிபதி தடை கொடுக்கவில்லை. குதிரை எந்தக் கட்டத்துக்குப் போனது என்பது ஒரு தகவல்; அதற்கு யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. கிரிக்கெட்டில் படத்தை வாங்கியவர்தான் ராஜா. செஸ்ஸில் நகர்த்தல் கையில் இருந்தால் போதும், ஒரு பலகையும் மைக்கும் வைத்து யார் வேண்டுமானாலும் வர்ணனை செய்யலாம். இன்றைக்கு யூடியூபில் இத்தனை சேனல்கள் இருக்கின்றன என்றால், அதற்குப் பெரிய காரணம் இந்தத் திறந்த கதவுதான்.

அந்த வளர்ச்சி எங்கள் ஊருக்கே வந்ததும் உண்டு. 2017 டிசம்பரில் உலக ரேபிட் போட்டி ரியாத்தில் நடந்தது. மூன்று நாளில் பதினைந்து சுற்று. 48 வயது ஆனந்தை யாரும் கணக்கிலேயே எடுக்கவில்லை. ஒன்பதாவது சுற்றில் கறுப்புக் காயோடு கார்ல்சனைத் தோற்கடித்தார். 28-ஆம் தேதி, வியாழக்கிழமை, ஃபெதோசேயேவோடு சமன் முறிக்கும் ஆட்டம். நாங்கள் நாலைந்து பேர் பத்தாவில் ஒரு டீக்கடையில், ஒரு போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்துப் பார்த்தோம். பக்கத்து மேசையில் இருந்த மலையாளி அண்ணன், "ஆரு ஜெயிச்சு?" என்று கேட்டபோது ஆனந்த் இரண்டுக்குப் பூஜ்யம் என்று முடித்திருந்தார். சில கிலோமீட்டர் தள்ளி நடந்ததைக் கையளவு திரையில் பார்த்தோம். ஆனாலும் அது அந்த நிமிஷமே கிடைத்தது. 1995-இன் பேப்பரை நினைத்துக்கொண்டேன்.

இன்றைய ஒளிபரப்பின் தரத்தைப் பற்றிக் குறை சொல்ல முடியாது. பெரிய போட்டிகளில் பலகையே மின்னணுப் பலகை. ஒவ்வொரு காயின் அடியிலும் ஒரு சின்னச் சுருள் இருக்கும். அது எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று பலகை கண்டுபிடித்து உலகம் முழுக்க அனுப்பிவிடும். ஆட்டம் முடிந்ததும் ராஜாக்களை நடுக்கட்டங்களில் வைத்து முடிவைத் தெரிவிப்பார்கள். அது சில நேரம் ஒரு நகர்த்தல் மாதிரியே திரையில் வந்துவிடும். என் மகனுக்கு அதைப் பார்த்தால் சிரிப்பு அடக்க முடியாது. "ராஜா வாக்கிங் போறாரு!" நார்வே செஸ் போட்டியில் ஒரு சின்ன அறை உண்டு, ஆட்டத்தின் நடுவிலேயே வீரர் அங்கே போய், தான் என்ன நினைக்கிறேன் என்று கேமராவிடம் சொல்லலாம். ஃப்ரீஸ்டைல் போட்டிகளில் இதயத் துடிப்பையே திரையில் காட்டினார்கள். 2025-இல் ரியாத்திலேயே மின்விளையாட்டு உலகக் கோப்பையில் செஸ்ஸையும் சேர்த்து, கூடுதல் நொடி கிடையாத பத்து நிமிட ஆட்டமாக நடத்தினார்கள். கார்ல்சன் முதலிடம், நம்ம அர்ஜுன் எரிகைசி நாலாவது இடம். உட்கார்ந்து யோசிக்கிற ஆட்டத்தைப் பார்க்கிற ஆட்டமாக மாற்றிவிட்டார்கள்.

என் மனக்குறை ஒன்றே ஒன்றுதான். திரையோரத்தில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு பட்டை ஏறி இறங்குமே, அதைச் சொல்கிறேன். கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு, யார் கை ஓங்கியிருக்கிறது என்று காட்டும் பட்டை. ஆட்டம் தெரியாதவருக்கு உதவிதான். ஆனால் பிள்ளைகள் பலகையை விட்டுவிட்டு அதையே பார்க்கிறார்கள். "வைட் வின்னிங்ப்பா, டூ பாயிண்ட் ஃபைவ்" என்பான் என் மகன். ஏன் என்று கேட்டால் தெரியாது. ஸ்கோர் பார்ப்பதற்கும் ஆட்டம் பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம் அதில் அழிந்துபோகிறது.

2021 டிசம்பர் 3, வெள்ளிக்கிழமை, துபாயில் கார்ல்சனும் நெப்போம்னியாஷியும் ஆடிய ஆறாவது ஆட்டத்தை நீங்களும் பார்த்திருக்கலாம். 136 நகர்த்தல், ஏழே முக்கால் மணி நேரம். உலகப் பட்டப் போட்டி வரலாற்றிலேயே நீளமான ஆட்டம். கடைசியில் ஒரு பக்கம் ராணி. எதிரில் ஒரு யானை, ஒரு குதிரை, இரண்டு சிப்பாய். இந்த நாலும் ஒன்றையொன்று காத்துக்கொண்டு, மெள்ள மெள்ள முன்னேறி, ராணியை ஒன்றும் செய்ய முடியாமல் ஆக்கின. அன்றைக்கு மகனுக்கு ஏழு வயது. எந்திரக் கணக்கை நம்பியிருந்தால் அது ஒரு எண். சிப்பாய் யானையை நம்பிப் போகிறான், யானை குதிரையை நம்பி நிற்கிறது என்று சொன்னதும் அது கதையானது. ராத்திரி பதினொன்று தாண்டியும் தூங்கவில்லை. அடுத்த வாரம் தினசரிக் காலண்டர் தாளை நீளமாகக் கிழித்து, டிவி ஓரத்தில் அந்தப் பட்டையை மறைத்து ஒட்டினேன். இன்றைக்கும் எங்கள் வீட்டில் அதுதான் வழக்கம்.

அடுத்தது மொழி. இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

அப்பா வேலையை விட்டு ஊருக்குப் போய் வருஷங்கள் ஆயிற்று. பாளையங்கோட்டையில் அம்மாவோடு இருக்கிறார். வெள்ளிக்கிழமை வீடியோ கால். என் மகன் தாத்தாவிடம் பேசுவது நாலு வாக்கியம். நல்லா இருக்கேன் தாத்தா. சாப்பிட்டேன் தாத்தா. ஸ்கூல் போறேன் தாத்தா. பாட்டிகிட்ட குடுங்க தாத்தா. அதற்கு மேல் இவனுக்கு வார்த்தை வராது, அவருக்குக் கேள்வி வராது. பாசத்துக்குக் குறைவில்லை. பேச ஒரு பொருள்தான் இல்லை. அப்பா ஒருநாள் என்னிடம் தனியாக, "பையன் என்கூட மரியாதையா பேசுதான்டா, அதான் கஷ்டமா இருக்கு" என்றார். அதற்கு நான் என்ன பதில் சொல்ல?

செஸ் இரண்டு பேருக்கும் பொது என்பது தெரிந்துதான் இருந்தது. ஆனால் இவன் செஸ் கற்றது இங்கிலீஷ் வர்ணனையில். இவன் "ரூக்" என்றால் அவருக்கு யானை. இவன் "பிஷப்" என்றால் அவருக்கு மந்திரி. பள்ளியில் அரபிப் பிள்ளைகளோடு ஆடும்போது இன்னும் வேடிக்கை. அரபியில் பிஷப்புக்குப் பெயர் ஃபீல், அதாவது யானை! ராணிக்குப் பெயர் வசீர், அதாவது மந்திரி! "தாத்தா யானைங்கிறது ஓரத்துல நேரா போகுது, அகமதோட யானை குறுக்கா போகுதுப்பா" என்று குழம்பி நின்றான். இந்தியாவில் பிறந்து, பாரசீகம் வழியாக அரபிகளிடம் போய், அங்கிருந்து ஐரோப்பா போன ஆட்டம் இது. போகிற வழியில் யானையும் மந்திரியும் நாற்காலி மாறி உட்கார்ந்துகொண்டார்கள் என்று சொன்னேன். அதையே அவன் அடுத்த வெள்ளிக்கிழமை தாத்தாவிடம் சொன்னான். ஐந்தாவது வாக்கியம் அன்றைக்கு வந்தது.

2024 டிசம்பர் 12, வியாழக்கிழமை. சிங்கப்பூரில் குகேஷ், டிங் லிரென் பதினாலாவது ஆட்டம். எங்களுக்கு மதியம் பன்னிரண்டு மணிக்கு ஆரம்பம். மகன் பள்ளிவிட்டு வந்ததும் டிவியில் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு, தாத்தாவை வீடியோவில் கூப்பிட்டோம். அவர் முன்னால் பழைய மரப்பலகை. எங்கள் திரையில் நடப்பதை மகன் தமிழில் சொல்ல, அவர் அங்கே நகர்த்துவார். முதலில் தடுமாறினான். "தாத்தா, ரூக்... யானை, ராஜா பக்கத்துல வருது." எல்லாரும் டிரா என்று நினைத்த நேரம். பட்டை மறைந்திருந்ததால் எங்களுக்கும் ஒன்றும் தெரியாது.

ஐம்பத்தைந்தாவது நகர்த்தலில் டிங் யானையை இறக்கி, யானைக்கு யானை வெட்டக் கொடுத்தார். மகன் சாதாரணமாகச் சொன்னான். அந்தப் பக்கம் அப்பாவிடம் சத்தமே இல்லை. பிறகு, "ஏல, நல்லா பாத்துச் சொல்லு. வெள்ளை மந்திரி மூலையிலயா நிக்கி?"

"ஆமா தாத்தா, மூலையிலதான்."

"அப்ப யானை போனதும் இவன் மந்திரியைக் கொண்டு மந்திரிய மறிச்சிருவாம்ல! அதுக்கு ஓட இடமே இல்ல. ரெண்டு மந்திரியும் போச்சுன்னா மிச்சம் ராஜாவும் சிப்பாயும்தான். இவன்கிட்ட ரெண்டு சிப்பாய், அவர்கிட்ட ஒண்ணு. ஆட்டம் முடிஞ்சுதுலே!"

டிவியில் குகேஷ் தண்ணீர் குடித்துவிட்டு, நம்ப முடியாதவர் மாதிரி பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா சொன்ன மாதிரியேதான் நடந்தது. இன்னும் மூன்று நகர்த்தலில் டிங் கை கொடுத்தார். பதினெட்டு வயதில் உலகப் பட்டம். குகேஷ் அழுதுகொண்டே காய்களை ஒவ்வொன்றாக அதனதன் இடத்தில் திரும்ப அடுக்கினார். "தாத்தா, அவரு அழுதுட்டே எல்லாத்தையும் அடுக்கி வைக்கிறாரு" என்று மகன் சொன்னான். "ஆட்டம் முடிஞ்சா அடுக்கி வைக்கணும்லா" என்றார் அப்பா. அன்றைக்கு அவர்கள் பேசி முடிக்க ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. நான் நடுவில் எழுந்து டீ போடப் போனதை ரெண்டு பேருமே கவனிக்கவில்லை.

படம், கேமரா, துடிப்பு, எண் எல்லாம் பெரிய நிறுவனங்கள் பார்த்துக்கொள்ளும். இன்னும் நன்றாகவே செய்வார்கள். ஷெல்பி லைமன் செய்த வேலையை, நார்வேக்காரர்கள் தங்கள் மொழியில் செய்துகொண்ட வேலையை, நம்ம வீட்டுக்குள் நாம்தான் செய்ய வேண்டும். அதற்குக் கிராண்ட்மாஸ்டர் ஆக வேண்டியதில்லை. யானை நேராகப் போகும், மந்திரி குறுக்கே போகும் என்று தெரிந்தால் போதும்.

முயன்று பார்க்க நினைப்பவர்களுக்கு எங்கள் அனுபவத்தில் சில வார்த்தை. முதல் முறையே நாலு மணி நேர ஆட்டத்தை எடுக்காதீர்கள். ரேபிட் ஆட்டம் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். பட்டையை மறைத்துவிடுங்கள். "யார் ஜெயிக்கிறா?" என்று கேட்காமல், "நீயா இருந்தா எதை நகர்த்துவே?" என்று கேளுங்கள். ஊரில் தாத்தாவோ பாட்டியோ மாமாவோ ஆடத் தெரிந்தவர் இருந்தால், பலகையோடு அவரைத் திரையில் உட்கார வையுங்கள். பிள்ளை நடுவில் இங்கிலீஷ் கலந்தால் திருத்தாமல் விடுங்கள். தாத்தாவுக்குப் புரியவில்லை என்றால் அவனே வேறு வார்த்தை தேடுவான்.

உங்கள் வீட்டில் பிஷப்புக்கு என்ன பெயர்? மந்திரியா, தேரா, வேறு எதுவுமா? இந்தக் கேள்வியை ஊரில் இருக்கும் பெரியவரிடம் உங்கள் பிள்ளையை விட்டே கேட்கச் சொல்லுங்கள். நிச்சயம் நாலு வாக்கியத்தில் முடியாது.