வடகமும் ஒரு பதிவேடும்

எங்கள் ஊரில் சாப்பாட்டுக்குப் பேர்போன விருந்தாளிகள் இரண்டு பேர்தான். வேதகிரி மலைமேல் உச்சிப்பொழுதில் வந்து, சர்க்கரைப் பொங்கலைத் தின்றுவிட்டுப் போன கழுகுகள். கங்கையில் குளித்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு இங்கே வரும் என்பது ஐதிகம். 1970-களில் நான் செங்கல்பட்டு அலுவலகத்துக்கு மாற்றலாகி வந்த புதிதில், மூச்சு வாங்க மலையேறிப் பார்த்திருக்கிறேன். பறவைகளைப் பற்றித் தெரிந்தவர்கள் அதை மஞ்சள்முகப் பாறு என்பார்கள். 1990-களோடு அவை வருவது நின்றுபோயிற்று. வரும், தின்னும், கிளம்பிவிடும். உப்பு குறைச்சல், நெய் போதாது என்று ஒரு பேச்சு கிடையாது.

நாங்கள் அப்படி இல்லை. நாங்கள் என்றால் நாலு பேர். நான், ஓய்வுபெற்ற போஸ்ட் மாஸ்டர், தமிழ் வாத்தியார், கல்பாக்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கடைசி ஆளை நாங்கள் கூப்பிடுவதே ‘கல்பாக்கம்’ என்றுதான். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒருவர் வீட்டில் நாலு குடும்பமும் சேர்ந்து சாப்பிடுவது என்று பன்னிரண்டு வருஷமாக நடக்கிறது. பௌர்ணமியை ஒட்டிய ஞாயிறு மட்டும் வேண்டாம். கிரிவலக் கூட்டத்தில் காய் வாங்கக்கூடத் தெருவில் நடக்க முடியாது. ஓட்டல் பார்சல் கூடாது. மறுசோறு வாங்குகிறவரை யாரும் பாராட்டக் கூடாது. இந்த இரண்டாவது விதியை நாங்கள் ஒரு நாளும் கடைப்பிடித்ததில்லை.

வாத்தியார் சைவம். போஸ்ட் மாஸ்டர் வீட்டில் மீன் இல்லாமல் ஞாயிறு கிடையாது. புதுப்பட்டினம் மார்க்கெட்டுக்கு விடியற்காலையில் ஸ்கூட்டரில் போய், சங்கராவா வஞ்சிரமா என்று பேரம் பேசிவிட்டு, கடைசியில் காரப்பொடி வாங்கிக்கொண்டு வருவார். நல்ல தேர்வு என்றுதான் சொல்வேன். காரப்பொடிக் குழம்பு தெரியாதவர்கள்தான் வஞ்சிரத்துக்குப் பறப்பார்கள்.

சைவத்தையும் மீனையும் ஒரே வீட்டில் சேர்த்து வைத்தது வடகம். வெங்காய வடகத்தைச் சொல்கிறேன், தாளிப்பதற்குப் போடுவது. அது மீன் குழம்பிலும் விழும், வாத்தியாருடைய கீரை மசியலிலும் விழும். போஸ்ட் மாஸ்டரின் மனைவி செய்கிற வடகம்தான் பல வருஷமாக நாலு வீட்டுக்கும். அவர் என்னைவிட மூத்தவரின் மனைவி என்பதால் எனக்கு அண்ணி.

நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். கணக்கும் சரித்திரமும் பிரெஞ்சில், வீட்டில் குழம்பு மட்டும் தமிழில். காலையில் பேக்கரியிலிருந்து வரும் நீள ரொட்டியை முந்தின நாள் மீன் குழம்பில் தோய்த்துத் தின்றுவிட்டுப் பள்ளிக்கு ஓடுவோம். அந்தக் குழம்பின் வாசனையே வடவத்தின் வாசனைதான். எங்கள் பக்கம் ‘வடவம்’ என்றுதான் சொல்வார்கள். பிரெஞ்சுக்காரர்கள் நாக்கில் அது ‘வடுவான்’ ஆயிற்று.

இது ஏதோ பழங்கதை என்றுதான் நண்பர்கள் நினைத்திருந்தார்கள். சில வருஷத்துக்கு முன் மாமல்லபுரம் ஒத்தவாடைத் தெருவில் ஒரு சின்ன ஓட்டலுக்குப் போனோம். அது வெளிநாட்டுக்காரர்களுக்கான ஓட்டல். அன்றைக்குப் பிடித்த மீனைத் தட்டில் வைத்துக் காட்டி, எது வேண்டும் என்று கேட்கிற இடம். வாத்தியாருக்குத் தக்காளி சூப்பும் உருளைக்கிழங்கு வறுவலும்தான் கிடைத்தன. அந்த மனத்தாங்கல் இன்னும் தீரவில்லை. பக்கத்து மேஜையில் ஒரு பிரெஞ்சு அம்மா. வெகு நாளாகப் பேசாத பாஷை. இரண்டு வாக்கியத்தில் துரு உதிர்ந்துவிட்டது. பேச்சு சமையலுக்கு வந்தது. அவர் ஊர்க் கடையில் வடுவான் சின்ன பாட்டிலில் கிடைக்கிறதாம், பொடியாக. கோழிக்குத் தடவுவாராம். விலையைக் கேட்டு ரூபாயில் சொன்னேன். கல்பாக்கம் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். போஸ்ட் மாஸ்டர் மட்டும், “காயவைக்க அங்கே வெயில் இருக்கான்னு கேளுங்க” என்றார். கேட்டேன். அந்த அம்மா சிரித்துவிட்டு, வருஷத்தில் இரண்டு மாசம் இருக்கும் என்றார். இதை வீட்டில் சொன்னபோது அண்ணிக்கு அந்த அம்மாமேல் இரக்கமே வந்துவிட்டது.

அண்ணிக்குக் கை நடுக்கம் ஆரம்பித்தது இரண்டு வருஷத்துக்கு முன்பு. செங்கல்பட்டில் டாக்டர் பார்த்துவிட்டு நடுக்குவாதம் என்றார். பார்க்கின்சன் என்று சொல்கிறார்களே, அது. அதற்கும் முன்பே பால் அடிபிடித்துத் தீய்ந்து புகை கிளம்பினாலும், அடுப்புப் பக்கத்தில் நின்றுகொண்டே அவர் கவனிக்காமல் இருந்திருக்கிறார். வீட்டில் மறதி என்று நினைத்திருக்கிறார்கள். மறதி இல்லை. இந்த நோயில் பலருக்குக் கை நடுங்குவதற்குச் சில வருஷம் முன்பே மோப்ப சக்தி போய்விடும் என்று டாக்டர் விளக்கினார். நாக்குக்கு உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு தெரியும். காரமும் உறைக்கும். வாசனை மட்டும் இல்லை.

போன வருஷம் சித்திரையில் நாலு வீட்டு ஜாடியிலும் வடகம் அடியைத் தொட்டுவிட்டது. கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்று கல்பாக்கம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். அண்ணி, “நான் நாற்காலியில உட்கார்ந்து சொல்றேன், நீங்க நாலு பேரும் செய்யுங்க. மூக்கு உங்களுது” என்றார். வடகத்தில் மூக்கு இல்லாமல் ஒன்றும் நடக்காது. கண்ணுக்குக் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே புளித்துக்கிடக்கும்.

அண்ணி சொன்ன அளவு: சின்ன வெங்காயம் ஐந்து கிலோ, பூண்டு ஒரு கிலோ, உடைத்த உளுந்து அரைக் கிலோ, கடுகும் சீரகமும் கால் கிலோ வீதம், வெந்தயம் நூறு கிராம், மஞ்சள்தூள், உப்பு, கறிவேப்பிலை. பெருங்காயம் அவர் சேர்ப்பதில்லை. கடைசியில் உருட்டுவதற்கு விளக்கெண்ணெய். மிக்சி கூடாது, தண்ணீர் விட்டுக்கொள்ளும்; உரலில் ஒன்றிரண்டாக இடிக்க வேண்டும். எழுபதைத் தாண்டிய நாலு பேர் ஐந்து கிலோ வெங்காயம் உரிப்பதைப் பார்க்க எங்கள் மனைவிமார் மூன்று பேரும் பாய் விரித்து உட்கார்ந்துவிட்டார்கள். உதவிக்கு ஒருவரும் எழுந்திருக்கவில்லை. “நாங்க நாற்பது வருஷம் உரிச்சாச்சு” என்றாள் என் மனைவி. அதற்கு யாரிடமும் பதில் இல்லை.

நான் உரிப்பதோடு ஒரு பதிவேடும் போட்டேன். குமாஸ்தா புத்தி. நீளக் கணக்கு நோட்டில் கோடு போட்டு, தேதி, வெயில், செய்த வேலை, வாசனை, அண்ணியின் உத்தரவு என்று ஐந்து பத்திகள். பதினேழாம் நூற்றாண்டில் சதுரங்கப்பட்டினத்து டச்சுக்காரர்கள் எங்கள் ஊர் ஒருகல் மண்டபத்துக்கு வந்து கல்லில் பேரை வெட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். அவ்வளவு தூரம் வந்தவர்கள் இங்கே என்ன சாப்பிட்டார்கள் என்று ஒருவரும் வெட்டவில்லை. எனக்கு அந்தக் குறை உண்டு.

முதல் நாள் கலந்து மூடிவைத்தோம். மறுநாள் மொட்டை மாடியில் முறத்தில் பரப்பி, சாயங்காலம் வாரி, ஊறின சாற்றிலேயே திரும்பப் பிசைந்து வைத்தோம். இப்படித் தினமும். ஒவ்வொரு சாயங்காலமும் ஒரு பிடியைக் கிண்ணத்தில் எடுத்துப்போய் அண்ணி எதிரில் முகர்ந்து சொல்ல வேண்டும். “நல்லா இருக்கு” என்றால் விடமாட்டார். “நல்லா இருக்குன்னா எப்படி? வெங்காயம் முன்னாடி வருதா, பூண்டு முன்னாடி வருதா?” வாத்தியாருக்கு அத்தனை தமிழ் தெரிந்தும் வாசனைக்குச் சொல் அகப்படவில்லை. போஸ்ட் மாஸ்டர் மனைவி முகத்தைப் பார்த்துக்கொண்டே, எது கேட்டாலும் “ஆமா” என்றார். கடைசியில் எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். “புதுச்சேரிக்காரரே, உங்க அம்மா வடவம் ஞாபகம் இருக்கா? அதுக்கு எவ்வளவு தூரம்னு சொல்லுங்க” என்றார் அண்ணி. அது சொல்லக்கூடியதாக இருந்தது. மூன்றாம் நாள் வாசனைப் பத்தியில் ‘ஊறுகாய்ப் புளிப்பு, வெந்தயம் இன்னும் தலைகாட்டவில்லை’ என்று எழுதியிருக்கிறேன்.

ஐந்தாம் நாள் மத்தியானம் கோடை மழை. மாடிக்கு ஓடுவதற்குள் ஒரு முறம் நனைந்துவிட்டது. காயவைத்தால் சரியாகிவிடும் என்று வாத்தியார், ஒரு கிலோவுக்குக் குறையாத சரக்காயிற்றே என்று கல்பாக்கம். இரண்டு நாள் தனியாகக் காயவைத்தோம். வாசனையில் எனக்கு ஏதோ ஒன்று இடறியது. ஈரத் துணியை மடித்துவைத்த வாசனை என்று அண்ணியிடம் சொன்னேன். அவர் நடுங்குகிற விரலால் ஒரு துளியை எடுத்து, இரண்டு விரலுக்கு நடுவே வைத்து மெல்ல இழுத்தார். நூல் விட்டது. “கொட்டிடுங்க” என்றார். மாட்டுக்குக்கூட வைக்க வேண்டாம் என்றார். மீதியை நான்தான் ஒவ்வொரு முறமாக முகர்ந்து சொன்னேன். அன்றைக்குப் போல எந்தக் கோப்பிலும் நான் அவ்வளவு பயந்து கையெழுத்துப் போட்டதில்லை.

பத்தாம் நாள் வெந்தயம் முன்னால் வந்து, வெங்காயம் பின்னால் போய், பூண்டு மட்டும் கொஞ்சம் தூக்கலாக நின்றது. அப்படியே சொன்னேன். “வந்துடுச்சு” என்றார் அண்ணி. கையில் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு உருட்டினோம். கல்பாக்கம் உருட்டியதெல்லாம் ஒரே அளவு, வாத்தியார் உருட்டியது எலுமிச்சையிலிருந்து நெல்லி வரை. அண்ணியும் இரண்டு உருட்டினார். அவை உருண்டையாக வரவில்லை, அவற்றைத் தனியாகத் தட்டில் வைத்தோம்.

அந்த மாத ஞாயிறு போஸ்ட் மாஸ்டர் வீட்டில். காரப்பொடிக் குழம்புக்கு அவரே தாளித்தார், அண்ணி உருட்டிய இரண்டில் ஒன்றை உதிர்த்துப் போட்டு. மாடிப்படி வரை வாசனை. அண்ணி ஒரு கவளம் வாயில் போட்டுக்கொண்டு நிதானமாக மென்றார். “புளி இருக்கு, உப்பு இருக்கு, காரம் இருக்கு. வடகம் இருக்கா?” என்று கேட்டார். ஒவ்வொருவரும் தனித்தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது. போஸ்ட் மாஸ்டர் முறை வந்தபோது அவர் “ஆமா” என்று சொல்லவில்லை. “பூண்டு தூக்கலாத்தான் இருக்கு” என்றார். அண்ணி மறுசோறு வாங்கிக்கொண்டார்.

கை கழுவியதும் பதிவேட்டை எடுத்துவரச் சொன்னார். அடுத்த வருஷம் பூண்டு முக்கால் கிலோ போதும், மழைக்கு முன்னால் பங்குனியிலேயே ஆரம்பிக்க வேண்டும். ஐந்தாவது பத்தியில் எழுதியாயிற்று.