ஏழு எழுத்துகள்

முனைவர் பட்ட ஆய்வுக்காகக் கொடவ மொழிப் பேச்சுப் பதிவுகளை ஒலிபெயர்த்து வருகிறேன். அம்மொழியின் நடு உயிர்கள் என் காதுக்கு எளிதில் பிடிபடுவதில்லை. ஆறு வாரம் திரும்பத் திரும்பக் கேட்டுச் செய்த திருத்தங்கள் கிட் மென்பொருளில் ஒரு தனிக் கிளையில் இருந்தன. சென்ற வாரம் ஓர் இரவு பழைய கிளைகளைக் களைய உட்கார்ந்த நான், தவறுதலாக அக்கிளையையும் நீக்க முனைந்தேன்.

கிட் மறுத்தது. கிளை முழுமையாக இணைக்கப்படவில்லை என்றது. நீக்கியே தீர வேண்டுமெனில் பெரிய எழுத்து ‘டி’ இடுக என்று வழியையும் கூடவே சொன்னது. தூக்கக் கலக்கத்தில் எச்சரிக்கையை விட்டு வழியை மட்டும் படித்தேன். அடுத்த கணம் ஒற்றை வரி வந்தது: கிளை நீக்கப்பட்டது என்ற செய்தி, கிளையின் பெயர், அடைப்புக்குறிக்குள் அதன் கடைசிக் கமிட்டின் ஏழு எழுத்துக் குறி.

காலையில்தான் பிழை உறைத்தது. நல்லவேளை, டெர்மினலை மூடியிருக்கவில்லை. அந்த ஏழு எழுத்துகளைக் கொடுத்து அதே பெயரில் கிளையை மீண்டும் உருவாக்கினேன். உழைப்பு முழுவதும் திரும்பி வந்தது. ரெஃப்லாக்கில் தேடியும் மீட்டிருக்கலாம்; பதறிய மனத்துக்கு அது நினைவில் எழவில்லை.

1975இல் வெளியான கட்டுரையில் பால் கிரைஸ், உரையாடலில் வேண்டிய அளவு சொல்லவும் அதற்கு மேல் சொல்லாதிருக்கவும் வேண்டும் என்றார். நன்னூலும் குன்றக் கூறலைக் குற்றமென்கிறது. மிகைபடக் கூறலையும் அப்படியே. சுருங்கச் சொல்லலை அழகென்ற அந்நூல், அதன் அருகிலேயே விளங்க வைத்தலையும் வைத்திருக்கிறது.

யுனிக்ஸ் மரபில் வெற்றிக்கு அடையாளம் மௌனம். கிட்டின் ‘ஆட்’ கட்டளை எதுவும் சொல்லாது. அங்கு எதுவும் அழிவதில்லை; ஆகவே மௌனம் பொருந்துகிறது. ‘ரிஸ்டோர்’ கட்டளையோ, ஆட் செய்யாத மாற்றங்களை அதே மௌனத்தோடு அழித்துவிடும். அவற்றைக் கிட்டைக் கொண்டு மீட்க இயலாது. அங்கு அது குன்றக் கூறல். கிளை நீக்கத்தின் ஒற்றை வரி, நடந்ததையும் திரும்பும் வழியையும் சொல்லி அத்துடன் நின்றுகொள்கிறது.

என் ஒலிபெயர்ப்புகளை வடிவம் மாற்ற நானே எழுதிய சிறு நிரல், கோப்பு ஒன்றுக்கு நாற்பது வரி பேசும். நான் ஒருநாளும் அவற்றைப் படித்ததில்லை. அன்று மாலையே ஒரு வரியாகக் குறைத்தேன்: கோப்பின் பெயர், மாறிய வாக்கியங்களின் எண்ணிக்கை, பழைய படி இருக்கும் இடம்.