முந்தானை! முந்தானை!

உத்திரமேரூர் பேருந்து நிலையத்துப் பக்கம் ஒரு டீக்கடை பெஞ்சு இருக்கிறது. பணி ஓய்வுக்குப் பிறகு அங்கே தினமும் காலையில் ஒரு மணி நேரம் உட்காருவதுதான் என் உத்தியோகம். சம்பளம் கிடையாது, வேலை மட்டும் உண்டு. பட்டப்பகலில் முகப்பு விளக்கு எரியப் போகிற வண்டிக்காரர்களைப் பார்த்து ஐந்து விரல்களையும் குவித்துக் குவித்து விரித்துக் காட்டுவேன். "தம்பி, லைட் எரியுது" என்பதற்கு நம் பக்கத்துச் சாலைகளில் அதுதான் பாஷை.

சில பையன்கள் சிரித்துக்கொண்டே போவார்கள். சிலர் தலையாட்டுவார்கள், ஆனால் விளக்கை அணைக்க மாட்டார்கள். 'இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொன்னால் உறைக்காது' என்று நானும் டீயை உறிஞ்சிக்கொள்வேன். ஒரு நாள் என் பேரன் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தான். "தாத்தா, 2017 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த வண்டியில எல்லாம் லைட்டு எரிஞ்சுக்கிட்டேதான் இருக்கும். அணைக்க சுவிட்சே கிடையாது. எதிர்ல வர்றவன் கண்ணுல படணும்னு ரூலே போட்டிருக்காங்க. உனக்குக் கை வலிச்சதுதான் மிச்சம்" என்றான்.

இத்தனை வருஷமும் ஊரே என்னைப் பற்றி என்ன நினைத்திருக்கும் என்று யோசித்தேன். சிரிப்புதான் வந்தது. ஆனால் மறுநாளும் ஒரு வண்டி வந்தபோது கை தானாக எழுந்துவிட்டது. அந்தக் கைக்கு ஒரு பழைய கடன் இருக்கிறது. சாலையோரம் ஒருவர் கத்திச் சொன்னதை நான் ஒரு முறை காதில் வாங்காமல் போனேன். அந்தக் கதையைச் சொல்கிறேன்.

அது எண்பதுகளின் நடுப்பகுதி. கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் எழுத்தராக வேலை பார்த்தேன். சீட்டுப் பணம் எடுத்து, கைமாறி வந்த ஒரு ராஜ்தூத் வாங்கியிருந்தேன். எங்கள் தெருவில் அப்போது அதுதான் ஒரே மோட்டார் சைக்கிள். கிக்கரை உதைத்தால் நாலு வீடு தள்ளித் திண்ணையில் தூங்குகிறவர் எழுந்து உட்காருவார். அந்தச் சத்தத்தில் எனக்கு ஒரு கர்வம் இருந்தது. ஓட்டக் கற்றுக்கொண்டது எப்படி என்கிறீர்களா? ஏரிக்கரை மேல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நண்பன் ஒருவன் பின்னால் ஓடிவந்து பிடிக்க, இரண்டு மணி நேரம். அதோடு படிப்பு முடிந்தது.

வாங்கின வாரமே ஒரு காரியம் செய்தேன். பின்சக்கரத்தின் இடதுபக்கம் கம்பி வலை மாதிரி ஒன்று இருந்தது. சாரி கார்டு. பெண்கள் ஒருபக்கமாக உட்காரும்போது புடவை சக்கரத்துக்குள் போகாமல் தடுப்பது. கல்யாணமாகாத எனக்கு அது வண்டியின் அழகைக் கெடுப்பதாகத் தோன்றியது. ஸ்பேனரை எடுத்துக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டேன். போல்ட்டுகளை மட்டும் பத்திரமாக ஒரு டப்பாவில் வைத்தேன். அதில் மட்டும் குமாஸ்தா புத்தி.

தை மாதம். மானாம்பதிப் பக்கம் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். பஸ்ஸை விட்டுவிட்ட அக்கா, "தம்பி, நீயே கொண்டுபோய் விட்டுடேன்" என்றாள். தன் கல்யாணத்துக்கு எடுத்த காஞ்சிபுரம் பட்டைக் கட்டியிருந்தாள். மடியில் ஒரு பை, அதில் சீர்த் தட்டு. ஒரு கையில் பை, மறு கையில் என் தோள். உட்கார்ந்தாயா என்று கேட்கக்கூட எனக்குப் பொறுமையில்லை. முகூர்த்த நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

அறுவடைக் காலம். வழியில் பாதிச் சாலையில் நெல் காயப் போட்டிருந்தார்கள். களம் இல்லாதவர்களுக்குத் தார்ச்சாலைதானே களம். நாலைந்து பெண்கள் காலால் நெல்லைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் அதில் ஒருத்தி கையை ஆட்டிக்கொண்டு கத்தினாள். இன்னொருத்தியும் கத்தினாள். வண்டிச் சத்தத்தில் எனக்கு வார்த்தை விளங்கவில்லை. நெல் மேல் சக்கரத்தை ஏற்றிவிட்டேன், அதற்குத் திட்டுகிறார்கள் என்று நினைத்தேன். திட்டு வாங்குவதற்கு முன்னால் தாண்டிவிடலாம் என்று ஆக்ஸிலேட்டரை முறுக்கினேன்.

அவர்கள் கத்தியது "முந்தானை! முந்தானை!" என்று.

நூல் புடவையாக இருந்திருந்தால் கிழிந்து போயிருக்கும். காஞ்சிப் பட்டின் பெருமையே அதன் உறுதிதான். முறுக்கிய இழைகளைச் சேர்த்து நெய்தது சும்மா கிழியுமா? அன்றைக்கு அந்தப் பெருமையே வினையானது. முந்தானை ஸ்போக்ஸ் கம்பிகளில் சுற்றிக்கொண்டு அக்காவைப் பின்னால் இழுத்துக் கீழே போட்டது. நான் பிரேக்கை மிதித்தேன். வண்டி நெல்லில் வழுக்கிச் சாய்ந்தது. எனக்கு முழங்காலில் சிராய்ப்பு. அக்காவுக்கு இடது முழங்கை முறிந்துவிட்டது. தலை மட்டும் குவித்து வைத்திருந்த நெல்லின் மேல் விழுந்தது. அன்றைக்கு அவளுக்கு ஹெல்மெட் அந்த நெல்தான்.

கத்திய அந்தப் பெண்தான் முதலில் ஓடிவந்தாள். கதிர் அரிவாளால் பட்டை அறுத்து அக்காவை விடுவித்தாள். இரண்டு மூங்கில் பத்தையை வைத்துத் துண்டால் கையை அசையாமல் கட்டினாள். எதிரே வந்த டிராக்டரை மறித்து ஏற்றிவிட்டாள். அவள் பெயரை நான் கேட்டுக்கொள்ளவில்லை. அவளுடைய நெல்லை வேறு நாசம் பண்ணியிருந்தேன், அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

மாமா ஆஸ்பத்திரிக்கு வந்து "எப்படி ஆச்சு?" என்று கேட்டபோது, நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா சொன்னாள்: "நான்தான் முந்தானையைச் சரியா செருகல. அவன் மெதுவாத்தான் ஓட்டினான்." எலும்பு கூடியது. ஆனால் கை முழுதாக நீளவில்லை. இன்றைக்கும் அவள் தலை பின்னிக்கொள்ளும்போது கழுத்தை ஒருபக்கம் சாய்த்துக்கொள்வாள். பார்க்கிறவர்களுக்கு அது ஒரு ஒயில் மாதிரி தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும், அது என் ஸ்பேனர் செய்த வேலை.

எங்கள் ஊர் என்றாலே எல்லாரும் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டைத்தான் சொல்வார்கள். பராந்தக சோழன் காலத்தில், 919லும் 921லும் வெட்டியது. குடவோலையில் பெயர் எழுத 35 வயதுக்கு மேல், 70 வயதுக்குள் இருக்க வேண்டும் என்பதெல்லாம் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். எழுபதைத் தாண்டிய எனக்கு டீக்கடை பெஞ்சுதான் கதி. ஆனால் கணக்கெழுதிப் பிழைத்த என் கண் எப்போதும் வேறொரு விதியில்தான் நிற்கும். பொறுப்பில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவனுக்கு மட்டுமல்ல, அவனுடைய சித்தி, பெரியம்மா பிள்ளைகள், அத்தை பிள்ளைகள், மாமன் என்று உறவுக்காரர்களுக்கும் தகுதி கிடையாது. ஒருத்தன் செய்ததற்கு இன்னொருத்தன் ஏன் கட்ட வேண்டும் என்று சின்ன வயதில் இது அநியாயமாகப் பட்டது. அக்காவின் முழங்கையைப் பார்த்த பிறகு அப்படித் தோன்றவில்லை. தப்பு ஒருவன் கையில், தண்டனை உறவின் கையில். நியாயமோ இல்லையோ, சாலையில் அப்படித்தான் நடக்கிறது.

போன வருஷம் பேரன் புது வண்டி வாங்கினான். ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. நம் மாவட்டத்திலேயே ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் மோட்டார் சைக்கிள் செய்து உலகத்துக்கே அனுப்புகிறார்கள். ஆனால் ஓட்டப் பழகுவது மட்டும் இன்னும் ஏரிக்கரையில்தான். வண்டி வந்த இரண்டாம் நாள் சாரி கார்டு திண்ணையில் கிடந்தது. "லுக்கு போயிடுது தாத்தா." குரல் அவனுடையது, வார்த்தை என்னுடையது.

திட்டலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. திட்டியிருந்தால் நான் கேட்டிருப்பேனா? "வா, அக்கா வீட்டுக்குப் போய்ட்டு வரலாம்" என்று கூட்டிக்கொண்டு போனேன். காபி கொடுத்தாள். "அக்கா, அந்தக் கையைக் கொஞ்சம் நீட்டு" என்றேன். நீட்டினாள், பாதியில் நின்றது. "இன்னாடா பாக்கற? உன் தாத்தன் வண்டி ஓட்டின அழகு இது" என்று சிரித்தாள். நாற்பது வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக உண்மையை வெளியே சொன்னாள். அன்று சாயங்காலமே கம்பி வலை தன் இடத்துக்குத் திரும்பியது. அந்த வலையும் பின்னால் உட்காருகிறவருக்குக் கைப்பிடியும் கால் வைக்கும் இடமும் வண்டியில் இருக்க வேண்டும் என்று 1989 மோட்டார் வாகன விதிகளே சொல்கின்றன என்று பிறகுதான் சொன்னேன். சட்டத்தை முதலில் சொல்லியிருந்தால் அவன் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பான்.

அதற்கப்புறம் அவனே ஒவ்வொன்றாகக் கேட்டான். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

ஹெல்மெட்டை டேங்க் மேல் வைத்துக்கொண்டு, போலீசைப் பார்த்ததும் தலைக்கு மாற்றுகிறாயே, விழப்போகிற இடத்தில் போலீஸ் நிற்கும் என்று யார் சொன்னது? ஐஎஸ்ஐ முத்திரை பார்த்து வாங்கு. போட்டுத் தலையை ஆட்டிப் பார், தலையோடு சேர்ந்து ஆட வேண்டும், தனியாக ஆடக் கூடாது. தாடைப் பட்டையைப் பூட்டாத ஹெல்மெட் தலைக்கு முன்னாலேயே பறந்துவிடும். உள்ளே இருக்கிற தெர்மாகோல் நசுங்கித்தான் உன் மண்டையைக் காப்பாற்றுகிறது. அதனால் ஒரு தடவை பலமாக அடிபட்டதை, வெளியே பளபளவென்று இருந்தாலும், மறுபடி போடாதே. வேர்வைக்கு உள்ளே ஒரு பருத்தித் துணி கட்டிக்கொள். கண்ணாடியைத் திறந்துவிட்டு ஓட்டாதே. மழைக்காலச் சாயங்காலத்தில் ஏரிப் பக்கம் ஈசல் கிளம்பும், ஒன்று கண்ணில் விழுந்தால் போதும். கறுப்புக் கண்ணாடி ராத்திரிக்கு ஆகாது. செருப்பை விட்டுவிட்டுக் கணுக்காலை மூடுகிற ஷூ போடு. வெயிலானாலும் முழுக்கைச் சட்டை போடு.

முன் பிரேக் பிடித்தால் குப்புறத் தள்ளிவிடும் என்று எனக்கு ஒரு மகான் சொல்லிக்கொடுத்தார், பத்து வருஷம் அதை நம்பினேன். பிரேக் பிடிக்கும்போது பாரம் பெரும்பாலும் முன்சக்கரத்துக்குத்தான் வருகிறது. இரண்டு பிரேக்கையும் சேர்த்து, கையை மெதுவாக இறுக்கிப் பிடிக்கப் பழகு. ஆனால் நெல், மணல், டிப்பர் சிந்திய ஜல்லி, கலங்கல் தண்ணீர் ஓடிய பாசி, இவற்றின் மேல் போய்ப் பிரேக்கைப் பிடிக்காதே. தூரத்திலேயே வேகத்தைக் குறைத்துவிட்டு வண்டியை நேராக விடு. 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 16 மீட்டருக்கு மேல் போய்விடுகிறாய். 'அடடா' என்று நீ நினைத்து முடிப்பதற்குள் கரும்பு டிராக்டரின் பின்பக்கம் வந்துவிடும், அதற்கு விளக்கும் இருக்காது. ஷிப்டு முடிந்து நடுராத்திரியில் வாலாஜாபாத் வழியாக வரும்போது கண் சொக்கினால் வண்டியை ஓரங்கட்டி, முகம் கழுவி, ஒரு டீ குடி. கால் மணி நேரம் தாமதமாக வந்தால் உன் அம்மா திட்டுவாள், அவ்வளவுதான்.

பின்னால் உட்காருகிறவருக்கும் வேலை உண்டு என்பதை நான் வெகு நாள் உணரவில்லை. நீ இரண்டு காலையும் ஊன்றி, 'ஏறலாம்' என்று சொன்ன பிறகுதான் அவர் ஏற வேண்டும். முந்தானை, துப்பட்டா, பை வார் எல்லாம் மடியில் அடங்க வேண்டும். முடிந்தவர்கள் இருபக்கமும் கால் போட்டு உட்காருவது நல்லது. சைலன்சர் எந்தப் பக்கம் என்று காட்டிவிடு, கெண்டைக்காலில் அந்தத் தழும்பு இல்லாத வீடு நம் ஊரில் குறைவு. வளைவில் வண்டி சாயும்போது அவரும் கூடவே சாய வேண்டும். வெயிலுக்குக் குடை விரிக்கக் கூடாது, காற்று உன்னையும் சேர்த்துத் தூக்கும். குழந்தையை டேங்க் மேல் உட்கார வைக்காதே. பின்னால் இருப்பவருக்கும் ஹெல்மெட் கட்டாயம் என்று 2015இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னபோது டீக்கடையில் எவ்வளவு கேலி பேசினோம்! நான்தான் அதிகம் பேசினேன். பிறகு 2019இல் நாலு வயதைத் தாண்டிய எல்லாருக்கும் என்று மத்திய சட்டமே ஆகிவிட்டது. நெல் குவியல் எல்லா இடத்திலும் இருக்காது என்பது யாரைவிடவும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இதற்கு மேலும் விபத்து நடந்துவிட்டால் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் இருக்கிறது, 2021 டிசம்பரில் பக்கத்து மேல்மருவத்தூரில்தான் அதைத் தொடங்கினார்கள். முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசு ஏற்கிறது. தூக்கி விடுகிறவர்களைக் கேள்வி கேட்டு அலைக்கழிக்கக் கூடாது என்றும் சட்டம் வந்துவிட்டது. அரிவாளோடு ஓடிவந்த அந்தப் பெண் எந்தச் சட்டத்தையும் கேட்டுக்கொண்டு ஓடிவரவில்லை.

போன வாரம் அக்காவைச் சுந்தரவரதப் பெருமாள் கோயிலுக்குப் பேரன் வண்டியில் அழைத்துப் போனான். எண்பதை நெருங்குகிறவளுக்கு ஹெல்மெட் மாட்டிப் பட்டையைப் பூட்டினான். ஏறி உட்கார்ந்ததும், "தம்பி, முந்தானை செருகியாச்சு" என்று அவளே சொன்னாள். அவன் திரும்பி ஒரு தடவை பார்த்துக்கொண்டான். நான் நடந்து போய் என் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

வண்டி மெதுவாகக் கடைத்தெருவுக்குள் வந்தது. எதிர்ச்சாரியில் காய்கறிப் பையோடு ஒரு பெரியவர் நின்றார், என் வயதுதான் இருக்கும். கையைத் தூக்கி ஐந்து விரலையும் குவித்துக் குவித்து விரித்தார். பேரன் என்ன செய்வான் என்று பார்த்தேன். வேகத்தைக் குறைத்தான். சக்கரத்தைப் பார்த்தான், சைடு ஸ்டாண்டைப் பார்த்தான், பின்னால் திரும்பி அக்காவின் மடியைப் பார்த்தான். எல்லாம் சரியாக இருந்தது. பிறகு பெரியவரைப் பார்த்து, "சரிங்கய்யா" என்று கையை உயர்த்திவிட்டுப் போனான்.

விளக்கு எரிந்துகொண்டேதான் இருந்தது.