திராட்சை வீசிய விமானங்கள்

பெர்லின் போகிறவர்கள் பெரும்பாலும் சுவர் இருந்த இடத்தையும் பிராண்டன்பர்க் வாயிலையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். அரை நாள் மிச்சம் இருந்தால் டெம்பல்ஹோஃப் போய் வாருங்கள். 'ப்ளாட்ஸ் டெர் லுஃப்ட்ப்ரூக்கே' என்ற மெட்ரோ நிலையத்தில் இறங்க வேண்டும். 'வான்பாலச் சதுக்கம்' என்று பொருள்.

2008-ல் மூடப்பட்ட விமான நிலையம் இது. 2010-ல் பூங்காவாகத் திறந்துவிட்டார்கள். ஓடுபாதையில் குழந்தைகள் சைக்கிள் ஓட்டுகிறார்கள், பட்டம் விடுகிறார்கள். ஒரு பக்கம் அக்கம்பக்கத்தார் தோட்டம் போட்டுக் காய்கறி வளர்க்கிறார்கள். ஒரு காலத்தில் இந்த ஊரின் அடுப்பு எரிந்ததே இந்த ஓடுபாதையை நம்பித்தான்!

போரில் தோற்ற ஜெர்மனியை நான்கு நாடுகள் பங்கிட்டிருந்த நேரம். சோவியத் பகுதிக்கு நடுவே தீவு போல இருந்தது மேற்கு பெர்லின். புதிய நாணயம் பற்றிய தகராறு முற்றி, 1948 ஜூன் 24 அன்று சாலை, ரயில், நீர்வழி எல்லாவற்றையும் சோவியத் யூனியன் அடைத்தது. உள்ளே இருந்தவர்கள் இருபது லட்சத்துக்கும் மேல். கையிருப்பு உணவோ ஒரு மாதத்துக்குச் சற்றுக் கூடுதல்.

இரண்டே நாளில் அமெரிக்க விமானங்கள் உணவோடு வந்தன. பிரிட்டனும் சேர்ந்துகொண்டது. எடை குறைய வேண்டுமே! அதனால் ரொட்டிக்குப் பதில் மாவு, உருளைக்கிழங்குக்குப் பதில் அதை உலர்த்திய வற்றல், பாலுக்குப் பதில் பால் பவுடர். ஆனாலும் வந்த சரக்கில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நிலக்கரி. மாவு இருந்து என்ன, அடுப்பு எரிய வேண்டாமா? மின்சாரமும் நாளுக்குச் சில மணி நேரம்தான். நடுராத்திரியில் வந்தால் நடுராத்திரியில் எழுந்து சமைத்தார்கள் பெண்கள்.

'எங்கள் பகுதியில் பெயர் பதியுங்கள், ரேஷன் தருகிறோம்' என்று சோவியத் தரப்பு அழைத்தது. பெரும்பாலோர் போகவில்லை.

அந்த ஜூலையில் கெயில் ஹால்வர்சன் என்ற அமெரிக்க விமானி, வேலியோரம் நின்ற சிறுவர்களிடம் இரண்டு சூயிங்கம் கொடுத்தார். அடித்துக்கொள்ளாமல் பிய்த்துப் பகிர்ந்தார்கள். கிடைக்காதவர்கள் காகிதத்தை முகர்ந்து பார்த்தார்கள். மனம் கரைந்த அவர், கைக்குட்டையில் பாராசூட் கட்டி, விமானத்திலிருந்து மிட்டாய் போட ஆரம்பித்தார். மற்ற விமானிகளும் சேர்ந்துகொண்டார்கள். மூன்றே வருடம் முன்பு இதே வானத்திலிருந்து குண்டு விழுந்த ஊர், இந்த விமானங்களுக்கு 'உலர்திராட்சை குண்டுவீச்சு விமானம்' என்று செல்லப் பெயர் வைத்தது.

1949 ஏப்ரல் 16-ல் ஒரே நாளில் ஏறக்குறைய 13,000 டன் சரக்கு இறங்கியது. மே 12 அன்று முற்றுகை விலகியது. அதன்பிறகும் செப்டம்பர் வரை விமானங்கள் வந்தன. மொத்தச் சரக்கு சுமார் 23 லட்சம் டன். அதில் மிட்டாய் துளிதான். வயிற்றை நிரப்பியது மாவும் கரியும். ஆனால் அன்றைய குழந்தைகள் கிழவர்களான பிறகும் பேசியது மிட்டாயைப் பற்றித்தான்.

சதுக்கத்தில் ஒரு நினைவுச்சின்னம் வளைந்து நிற்கிறது. மேலே மூன்று விரல்கள். விமானங்கள் பறந்த மூன்று வான்பாதைகளின் அடையாளம். ஊர்க்காரர்கள் அதைப் 'பசி நகம்' என்கிறார்கள். அடியில், இந்தப் பணியில் உயிர்விட்டவர்களின் பெயர்கள். படித்துவிட்டுப் பூங்காவுக்கு நடங்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது. பொழுது சாய்ந்ததும் கதவைப் பூட்டிவிடுவார்கள்.