உப்புச் சிரட்டை

ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டும் மலையகத் தேயிலைத் தோட்ட ஊர் வட்டவளை. தகரக் கூரையில் அது இறங்கத் தொடங்கினால் டீச்சரின் வாய் அசைவது மட்டும் தெரியும், சத்தம் கேட்காது.

1998இல் எங்கள் ஐந்தாம் ஆண்டுக்கு ஒரு புது டீச்சர் வந்தார். பத்தனை ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரியில் படித்தவர். சுவரில் பழைய விதிப் பலகை ஒன்று தொங்கியது. பேசாதே, ஓடாதே, பிந்தாதே என்று எல்லாமே ‘ஆதே’யில் முடியும். அதைக் கழற்றி வைத்துவிட்டு வெறும் பிரிஸ்டல் போர்ட்டை ஒட்டினார்.

“நீங்களே சொல்லுங்க, எழுதுவோம்.”

நாங்கள் சொன்னதைக் கேட்டால் சிரிப்பீர்கள். பேசினால் பத்து அடி, லேட்டானால் முட்டி போடணும். பெரியவர்கள்கூட அவ்வளவு கொடுமையாக யோசித்திருக்க மாட்டார்கள். அப்போது கடைசி வாங்கிலிருந்து ஒரு பிள்ளை எழுந்தாள். அம்மா விடியவே பெரட்டுக்கு, தோட்டத்து ஆள் கணக்கெடுப்புக்கு, போய்விடுவதால், தம்பியைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு வருகிறவள், தினமும் லேட்.

“லேட்டா வந்தா ஏன்னு கேக்கணும் டீச்சர். கேட்டுட்டு அடிங்க.”

டீச்சர் முதல் பாதியை மட்டும் எழுதினார்.

மழை இரைந்தால் யாரும் கத்தக் கூடாது, டீச்சரின் கையைப் பார்க்க வேண்டும் என்பது இரண்டாவது. மூன்றாவது என்னுடையது: வாசலிலேயே காலைப் பார்த்து அட்டையை உப்பு வைத்து எடுக்கணும், அடுத்தவன் மேல் எறியக் கூடாது. மீறினால் வாசலில் இருக்கும் உப்புச் சிரட்டையை நிரப்ப வேண்டும். அதை முதலில் மீறியதும் நான்தான். “ஸ்கூல்ல உப்பயா திங்கிறீங்க?” என்று அம்மா கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

எழுதி முடித்ததும் ஒருவன், “ரேகை வைக்கவா டீச்சர்?” என்றான். சம்பள நாளில் அவன் பார்த்தது அதைத்தானே. “பேர எழுது” என்றார். கடைசியாக, எங்கள் பெயர்களுக்குக் கீழே, தன் பெயரையும் எழுதினார். ஆடி மழைக்குள் போர்ட் ஊதி, பிளாட்டிக்னம் மை வழிந்து, பாதிப் பெயர்கள் நீலக் கறையாகிவிட்டன.

அந்த மழையில் ஒருநாள் ரொசெல்லப் பக்கம் மண் சரிந்து ரயில் நின்றுவிட்டது. ஹட்டனிலிருந்து வரும் டீச்சர் பத்தரைக்குத்தான் வாசலுக்கு வந்தார், சேலை முழங்கால்வரை சேறு. வகுப்பு அமைதியாக இருந்தது. கடைசி வாங்குப் பிள்ளை எழுந்தாள்.

“ஏன் டீச்சர் லேட்டு?”

டீச்சர் உள்ளே வரவில்லை. வாசற்படியில் நின்றபடியே, ஒன்றுவிடாமல் சொன்னார். பிறகு குனிந்து, சிரட்டைக்குள் கையை விட்டார்.