உக்காந்தா வந்தீங்க?

நீராவி ரயிலைப் பற்றி யார் எழுதினாலும் அதில் கூவல் வரும், புகை வரும், கண்ணில் விழுந்த கரித்தூள் வரும், ஜன்னலோரத்துக்குப் போட்ட சண்டை வரும். எங்களுக்கும் அதெல்லாம் நினைவிருக்கிறது. ஆனால் எங்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது வேறு. அன்று நாங்கள் பலகையில் உட்கார்ந்து போனோம்.

எழுபதுகளின் கடைசி. திருத்துறைப்பூண்டிப் பக்கத்துச் சேரி. பகலில் மாடு மேய்த்துவிட்டு இரவுப் பள்ளிக்கு வருகிற பிள்ளைகள் பதினாலு பேர் நாங்கள். சொல்லிக்கொடுத்த அண்ணன் எங்கள் தெருவில் முதன்முதலில் பத்தாவது தேறியவர். ஒருநாள், "வேதாரண்யம் போயி கடல் பாத்துட்டு வருவோம்" என்றார். நடவுக் கூலியில் அம்மாக்கள் முந்தானையில் முடிந்து வைத்திருந்த காசுதான் டிக்கெட் ஆனது. சின்ன, கெட்டி அட்டை டிக்கெட். அதைக் கசங்காமல் உள்ளங்கையில் வைத்துக்கொண்டே நின்றோம்.

அந்தக் காலத்துக் கீழத்தஞ்சையை இன்றைய மாணவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சாணிப்பாலுக்கும் சவுக்கடிக்கும் எதிராக பி. சீனிவாசராவ் சங்கம் கட்டிய மண் அது. 1968 டிசம்பர் 25 இரவு வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டபோது எங்களில் பலர் கைக்குழந்தைகள். அடி நின்றிருந்தது, கூலி கொஞ்சம் ஏறியிருந்தது. ஆனாலும் டீக்கடையில் எங்களுக்குத் தனி கிளாஸ்தான். குடியானத் தெருவில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் நடக்க வேண்டும்.

மீட்டர்கேஜ் வண்டி. பலகை இருக்கை. எஞ்சின் ஒருமுறை பெருமூச்சு விட்டு இழுத்தது. பெட்டிகள் ஒவ்வொன்றாக இடித்துக்கொண்டு நகர்ந்தன. நாங்கள் கூச்சல் போட்டோம். கரியாப்பட்டினம், குரவப்புலம், நெய்விளக்கு என்று ஊர்ப்பெயர்களை அண்ணன் எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொன்னார். மஞ்சள் பலகையில் படித்ததுதான் எங்களுக்கு அன்றைய பாடம்.

நடுவில் ஒரு நிலையத்தில் வெள்ளை வேட்டியோடு ஒரு பெரியவர் ஏறினார். எந்த ஊர்க்காரர், என்ன சாதி, எங்களுக்குத் தெரியாது. அவர் எங்களை ஒரு வார்த்தை சொல்லவில்லை, முறைக்கக்கூட இல்லை. ஆனால் பதினாலு பேரும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றோம். கூச்சல் அடங்கிவிட்டது.

அண்ணன் மட்டும் எழவில்லை. "உட்காருங்கடா. அவரும் டிக்கெட் வாங்கியிருக்காரு, நாமளும் வாங்கியிருக்கோம்" என்றார், சத்தம் போடாமல். உட்கார்ந்தோம். கொஞ்ச நேரம் யாருக்கும் முதுகு பலகையில் சாயவில்லை. பெரியவர் எதிரே உட்கார்ந்து வெற்றிலை போட ஆரம்பித்தார். தோப்புத்துறை வந்தபோதுதான் எங்களில் ஒருவன் மெதுவாகச் சாய்ந்துகொண்டான்.

பின்னால் அண்ணல் அம்பேத்கர் எழுதியதைப் படித்தபோது அந்தப் பெட்டி ஞாபகம் வந்தது. 1901ஆம் ஆண்டு, சிறுவனாக, அப்பாவைப் பார்க்க ரயிலேறி மசூர் நிலையத்தில் இறங்குகிறார். நல்ல உடுப்பைப் பார்த்துப் பரிவாகப் பேசிய ஸ்டேஷன் மாஸ்டர், மகர் சாதி என்று கேட்டதும் முகம் மாறுகிறார். எந்த வண்டிக்காரரும் ஏற்றிக்கொள்ள மாட்டேன் என்கிறார். கடைசியில் இரட்டிப்புக் கூலிக்கு ஒருவர் ஒப்புக்கொள்கிறார். அதுவும் பிள்ளைகளே வண்டியை ஓட்ட வேண்டும், தான் பக்கத்தில் நடந்து வருவேன் என்கிறார். ரயில் கொண்டுவந்து விட்டது; சாதி நிலையத்தில் காத்திருந்தது. எங்கள் கதையில் சாதி வெளியே காத்திருக்கவில்லை. எங்கள் முழங்காலுக்குள்ளேயே இருந்தது. யாரும் சொல்லாமல் எழுந்து நிற்கிற முழங்கால் அது.

அகத்தியம்பள்ளியில் உப்பளம் பார்த்தோம். 1930இல் ராஜாஜி தலைமையில் சத்தியாகிரகிகள் திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பு அள்ளிய இடம். கொஞ்ச தூரத்தில், வெடித்த காலோடு ஆண்களும் பெண்களும் உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள். "இவங்க தினம் அள்ளுறாங்களே, இவங்க பேரு பாடத்துல வருமா?" என்று எங்களில் ஒருத்தி கேட்டாள். அண்ணன், "நீ எழுதுனா வரும்" என்றார்.

இருட்டுகிற நேரத்தில் திருத்துறைப்பூண்டிக்குத் திரும்பினோம். எஞ்சின் கொட்டிய சாம்பலைத் தண்டவாளத்துக்கு நடுவில் ஒருவர் வாரிக்கொண்டிருந்தார். உடம்பெல்லாம் கரி. எங்கள் தெருப் பெரியப்பா! கூடையில் நிலக்கரி சுமந்த அக்காக்களும் எங்கள் ஆட்கள்தான். தினமும் அந்த எஞ்சினுக்குச் சோறு போட்டு, அதன் கழிவை அள்ளியவர்கள். பெரியப்பா நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். கடலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"ஏலே, உக்காந்தா வந்தீங்க?"

"ஆமா பெரியப்பா."

கரிக்கையைத் துண்டில் துடைத்துவிட்டு எங்களில் சின்னவன் தலையைத் தடவினார். அவர் அந்த வண்டியில் டிக்கெட் வாங்கி ஏறியதே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

37 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதை அகலப்பாதையாகி 2023 ஏப்ரலில் மறுபடி திறந்தது. நாங்களும் போய்வந்தோம். புகை இல்லை, சாம்பல் இல்லை. நல்லதுதான், பெரியப்பாவின் நெஞ்சில் இறங்கிய புகை அது, அதற்காக நாங்கள் ஏங்க முடியாது. ஆனால் கூட்டுகிற, கழுவுகிற வேலை போய்விடவில்லை. அது ஒப்பந்தக்காரர் கைக்குப் போயிருக்கிறது. ரயில்வேயில் நிரந்தர வேலை கிடைத்த ஒரு கேங்மேனின் பிள்ளை கல்லூரிக்குப் போனான். இடஒதுக்கீடு அதைச் செய்தது. ஒப்பந்த வேலையில் இடஒதுக்கீடு இல்லை. சங்கம் வைப்பதும் எளிதல்ல. இருக்கை எங்களுக்குக் கிடைத்தது. தண்டவாளத்தில் குனிந்திருக்கிறவருக்கு இன்னும் கிடைக்கவில்லை.

தம்பி, தங்கைகளே, ரயிலில் நன்றாகச் சாய்ந்து உட்காருங்கள். அது உங்கள் உரிமை. வண்டி நிற்கும்போது இறங்கி, நடைமேடையைக் கூட்டுகிறவரிடம் நாலு வார்த்தை பேசுங்கள். சம்பளம் எவ்வளவு, யார் கொடுக்கிறார்கள், கையுறை தந்தார்களா என்று கேளுங்கள். கேட்டதை எழுதுங்கள். நீங்கள் எழுதினால்தான் அவர் பேர் வரும்.