பயிற்சியாளர் என்னும் பெயர்

ஷிப்டு மாறும் வேளையில் வல்லக்கோட்டைச் சாலையோரம் நிற்பவருக்கு, இவ்வூரில் முதியோரே இல்லையோ என்ற ஐயம் எழும். பேருந்து பேருந்தாக இருபது, இருபத்திரண்டு வயதினர் வந்திறங்குகின்றனர். கழுத்தில் அடையாள அட்டை. பலருடைய அட்டையில் பெயருக்குக் கீழே 'பயிற்சியாளர்' என்னும் சொல். இளையோரின் உரிமைக்காகப் பேச முற்படும் எவரும் இப்பகுதியில் முதலில் மோதிக்கொள்வது அந்தச் சொல்லோடுதான்.

1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம், 18ஆம் பிரிவில், பழகுநர் தொழிலாளர் அல்லர் என்கிறது. இந்த ஒரு வரியை மேலாளர்கள் மனப்பாடமாக வைத்திருக்கின்றனர். அதே சட்டத்தின் 14ஆம் பிரிவு, தொழிற்சாலையில் பயில்வோர்க்கும் உடல்நலம், பாதுகாப்பு, நலவசதி பற்றிய விதிகள் பொருந்தும் என்பதையும், 16ஆம் பிரிவு, விபத்து நேர்ந்தால் இழப்பீடு உண்டு என்பதையும் எவரும் எடுத்துரைப்பதில்லை. சட்டப்படி பதிவு செய்யாமலேயே அப்பெயரைச் சூட்டிவிடுவோரும் உளர்.

சில ஆண்டுகளுக்குமுன் சிவகங்கைப் பக்கத்து இளைஞன் ஒருவன் பிரஸ் மிஷினில் இரு விரல்களை இழந்தான். மருத்துவச் செலவைக் கொடுத்து ஊருக்கு அனுப்பிவிட முயன்றனர். மனு எழுதலாம் என்றேன். அவன் தாய் கையெடுத்துக் கும்பிட்டார். "வம்பு வேண்டாம் சாமி. அடுத்து இவன் தங்கச்சியும் இந்தப் பக்கந்தான் வேலைக்கு வரணும்." அந்த அச்சத்தைக் கோழைத்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கடன் வாங்கிப் படிக்க வைத்த வீட்டின் கணக்கு அது.

எதிர்ப்பு ஆலைவாயிலிலிருந்து மட்டும் வருவதன்று. எங்கள் பங்குப் பேரவையிலேயே ஆள் அனுப்பும் ஒப்பந்தக்காரர் ஒருவர் இருந்தார். 'சாமி திருப்பலியோடு நிறுத்திக்கொள்வது நல்லது' என்று பிறர் வாயிலாகச் சொல்லியனுப்பினார். அவ்வாண்டுத் தேர்த்திருவிழாவுக்கு அவருடைய நன்கொடையும் வரவில்லை. (பந்தல்காரருக்கு நான் தவணை சொன்னது தனிக்கதை.) தாயை இணங்கவைக்க மூன்று மாதமும், இழப்பீடு கைக்கு வர ஒன்றரை ஆண்டும் ஆயின.

எனினும் இப்பணியின் பெருந்துயரம் எதிர்ப்பன்று. இவர்கள் நிலைப்பதில்லை என்பதே. இருபத்துநான்கு மாதங்களில் 480 நாள் தொடர்ந்து பணியாற்றியவரை நிரந்தரமாக்க வேண்டும் என்று 1981இல் தமிழ்நாடு சட்டம் இயற்றியது. அக்கணக்கு நிறையுமுன் வேறிடம் பெயர்ந்தோர் எத்தனையோ பேரை நான் அறிவேன். ஞாயிறு மாலை வகுப்பில் அமர்ந்த இருபது பேரில் மறு ஆண்டு நால்வரைக் காண்பதே அரிது. மீண்டும் அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டும்.

பெல்ஜியத்தில் 1925இல் இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கத்தை நிறுவிய அருள்பணியாளர் ஜோசப் கார்டைன், இளம் தொழிலாளரிடையே பணியாற்ற வேண்டியோர் அவர்களே என்பதில் உறுதியாக இருந்தார். குருமடத்தில் அதைத் தேர்வுக்காகப் படித்தேன். 2021 டிசம்பரில்தான் அதன் பொருள் விளங்கிற்று. பூந்தமல்லிப் பக்கத்து விடுதியில் தங்கியிருந்த பாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் உணவு நஞ்சாகி நோயுற்றனர். 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். 17ஆம் தேதி இரவு, தோழியரின் நிலை அறியாது தவித்த பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்துவிட்டனர். ஆலை மூடப்பட்டு, மறு ஜனவரியில்தான் திறந்தது. அதற்குள் விடுதிகளின் இடநெருக்கடியும் சமையலறையும் நாடறிந்த செய்தியாயின. உரிமை வகுப்பு நடத்தும் என்னைப் போன்றோர் எவரும் அவர்களைச் சாலைக்கு அழைத்துவரவில்லை.

என் வகுப்பில் ஒரு வார்த்தையும் பேசாமல் கடைசி வரிசையில் இருந்த பெண் ஒருத்தி, வேலை முடிந்து ஓசூர்ப் பக்கம் போய்விட்டாள். ஈராண்டு கழித்து ஓர் இரவு தொலைபேசியில் அழைத்தாள். நலம் விசாரிக்கவும் பொறுமையில்லை அவளுக்கு. "சாமி, அந்தப் பதினாலாம் பிரிவைக் கொஞ்சம் எழுதி அனுப்புங்க. இங்கே ஆறு பேர் கேக்குறாங்க." இரவுச் செபத்தை ஒத்திவைத்து, அப்போதே எழுதி அனுப்பினேன்.